பின் இருக்கையின் எடை

வெள்ளிக்கிழமை காலையில் என் தம்பி சியாமக் என்னைக் காரின் பின் இருக்கையில் உட்காரவைத்து, பக்கத்தில் ஐந்து அரிசி மூட்டைகளை அடுக்கி, அவற்றுக்கு பெல்ட்டும் மாட்டிவிட்டான். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. மத்தியானத்துக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்தவை. சற்று யோசித்துவிட்டு வீட்டுக்குள் போனான். பருப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் எடுத்து வந்து மூட்டைகளின் தலையில் வைத்தான்.

"இது என்னடா கூத்து?"

"நஸ்தரன் அம்பத்தஞ்சு கிலோக்கா."

"அது போன வருஷக் கணக்கு. அவ இப்ப என்ன எடை இருக்காளோ, யாரு கண்டா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் கையை நீட்டி சர்க்கரை டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தான். அவன் மனைவி எவ்வளவு மெலிந்திருப்பாள் என்பதற்கு அவனிடம் இருந்த கணக்கு அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் முப்பதடிக்கு ஒரு வேகத்தடை. ஒவ்வொன்றின் மேலும் வண்டியை ஏற்றி இறக்கினான். "காத கீழ சாய்ச்சுக்கக்கா, சக்கரம் இருக்கற பக்கம்" என்றான். சாய்த்தேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது லேசான காரியம் இல்லை. அரிசி ஒரு பக்கம் சரிந்தது, பருப்பு டப்பா என் மடியில் விழுந்தது, ஆனால் டயர் உரசும் சத்தம் வரவில்லை. தெருவைச் சுற்றி இரண்டாம் முறையும் வந்தோம். வரவில்லை. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. வசந்த காலத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பல் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு நஜஃபாபாத்துக்குப் போய் நஸ்தரனை அழைத்து வர வேண்டும். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அதனால் பெரியவர் என்ற இடத்தில் ஹெஷ்மத் பெரியப்பா வருகிறார். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்ணை அழைக்கப் போகும்போது நரைத்த தாடி ஒன்று முன்னால் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் நரைத்த தாடி அவரிடம்தான் இருக்கிறது, கூடவே நூற்றுப் பத்துக் கிலோவும். அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தால் பின் சக்கரத்துக்குப் பெரிதாகப் பாரம் இல்லை. பின்னால் நான், வரும்போது நஸ்தரன். அவ்வளவுதான் அந்த வண்டி தாங்கும். மூன்றாவதாக ஒரு ஆள் பின்னால் ஏறினால் போயிற்று. இதைச் சியாமக் ஒரு வாரமாக எனக்கு மனப்பாடம் செய்ய வைத்திருந்தான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்ன வெள்ளை ஹேட்ச்பேக். கூலர் மாட்டும் வேலையில் சம்பாதித்து, கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. வாங்கிய மாதமே அதைப் படுக்க வைத்துவிட்டான். எங்கள் பேட்டைப் பையன்கள் அப்படித்தான் சொல்வார்கள், படுக்க வைப்பது. வயிறு தார்ச்சாலையைத் தொடாத வண்டி அவர்களுக்கு வண்டியே இல்லை. பின்னால் ஸ்பிரிங் வேலை பார்க்கும் முறுக்குத் தண்டைக் கழற்றி, நாலு பல் தள்ளி மாட்டினால் பின்பக்கம் அப்படியே அமர்ந்துவிடும். அகலமான டயர் வேறு. வேகத்தடை வந்தால் நண்டு மாதிரி குறுக்காக ஏறி இறங்குவான். நான் திட்டுவேன். "ஆம்பளைக்கு முதுகு நிமிந்திருக்கணும், வண்டிக்குப் படுத்திருக்கணும்" என்பான். நஸ்தரனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நிச்சயமான பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முக்காடு பாதித் தலையில் நழுவ, அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றங்கரையை எத்தனை முறை சுற்றியிருப்பாள். ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷம் அது, ஆனாலும் சுற்றினார்கள்.

அப்போதெல்லாம் பின் இருக்கையில் இரண்டு ஸ்பீக்கர்கள்தான் உட்கார்ந்திருந்தன. பின் இருக்கை என்று ஒன்று இருப்பது கல்யாணம் ஆனவனுக்குத்தான் தெரியவரும். மாமியார், அக்கா, பெரியப்பா, மூட்டை முடிச்சு. ஆள் ஏற ஏற டயர் மேல் தகட்டில் உரச ஆரம்பித்தது. முதலில் சுவரில் ஈரத் துணியைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். போகப்போக யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல. பழகிவிடும் என்றான். எங்களுக்கும் பழகித்தான் போயிருந்தது.

வசந்தத்தில் வரும் எங்கள் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் வீட்டுக்குள் இருந்தால் தரித்திரம் என்று ஊரே வெளியே கிளம்பும். நாங்களும் கிளம்பினோம். பெரியப்பா முன்னால். பின்னால் நான், நடுவில் நஸ்தரன், அந்தப் பக்கம் பெரியம்மா. கம்பளம், சமோவர், ஆஷ் கஞ்சிப் பானை எல்லாம் டிக்கியில். நஸ்தரனுக்கு அப்போது ஐந்து மாதம். போகும் வழியெல்லாம் அந்தச் சத்தம். திரும்பி வரும்போது அவள் பேசவில்லை. வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மெதுவாப் போடா" என்று நான் கத்தினேன். அவன் மெதுவாகத்தான் போனான். மெதுவாகப் போனால் சத்தம் இன்னும் நீளமாக வந்தது.

அன்றைக்கே ரத்தம் கண்டது. பெண் குழந்தை. டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார், குழந்தையின் துடிப்பு உள்ளேயே நின்று சில நாட்கள் ஆகிவிட்டது, சாலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று. எல்லோரும் தலையாட்டினோம். ஒருவரும் நம்பவில்லை. சியாமக் நம்பவே இல்லை. எங்கள் முறைப்படி அந்த வயதுக் குழந்தையைத் துணி சுற்றி அடக்கம் செய்ய வேண்டும். பெரியப்பாவும் அவனும் இடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். நஸ்தரன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள், நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்மா வீட்டுக்குப் போனவள், வரவில்லை. போன் போட்டேன். "அக்கா, அவர் மேல எனக்குக் கோவமில்ல. தெருவுல அந்த வண்டி வர்ற சத்தம் கேட்டாப் போதும், எனக்கு அடிவயித்துல இழுக்குது. அத கேட்டுக்கிட்டு அந்த வீட்டுல நான் எப்படி இருப்பேன்?" என்றாள். அதைத் தம்பியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் அன்றிலிருந்து அவனுக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை. "வித்துத் தொலையேண்டா சனியன!" என்றேன். "கெடுத்தவன் நான். சரி பண்றதும் நான்தான்" என்றான். கல்லுளிமங்கன்.

மெக்கானிக் கொத்ரத், படுக்க வைத்த அதே கையால் வண்டியைத் தூக்கி நிறுத்தினான். பழைய உயரம் வந்துவிட்டது. ஆனாலும் உரசியது. இவன் என்னையும் இழுத்துக்கொண்டு மறுபடி போனான். கொத்ரத் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"ரொம்ப நாள் படுத்துக் கெடந்த வண்டி, தம்பி. மேல ஆளையும் ஏத்தியிருக்க. பின் அச்சுக்குள்ள ஊசி பேரிங்கெல்லாம் பொடியாப் போச்சு. சக்கரத்தோட தலை உள்பக்கமா சாஞ்சிருச்சு. இனி நீ எவ்வளவு தூக்கினாலும் அது சாஞ்சதுதான்."

பழைய இரும்புக் கடையிலிருந்து வேறு அச்சு வாங்கிப் போட்டார்கள். அது எவன் படுக்க வைத்த வண்டியினுடையதோ, இரண்டு மாதத்தில் அதுவும் சாய்ந்தது. புதிது என்று சொல்லி விற்றதையும் ஒருமுறை போட்டார்கள், அது போலி. முழம் ஏறினால் சாண் சறுக்குகிற கதையாக ஒன்று சரியானால் ஒன்று போனது. கோடை முழுவதும் பிறத்தியார் மாடியில் கூலர் மாட்டுவான், சாயங்காலம் வந்து காருக்கு அடியில் படுப்பான். மாமியாருக்குப் போன் போட்டால் பேச்சு இதுதான்: பின்பக்கம் தூக்கிட்டேன் அத்தை, அச்சு மாத்திட்டேன் அத்தை, டயர ஒல்லியானதாப் போட்டுட்டேன் அத்தை. அந்தப் பக்கம் நஸ்தரன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பாளாம். ஒரு நாளும் அவள் பேசவில்லை, ஒரு நாளும் அவன் வேறு எதையும் பேசவில்லை. கடைசியில் கொத்ரத்தே சலித்துப்போய்ச் சொன்னான்: "பின்னாடி ஆள் ஏத்தாத. சத்தம் வராது." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அரிசி மூட்டை வைத்துப் பார்த்தோம், ஹெஷ்மத் பெரியப்பாவை முன் இருக்கைக்கு என்று ஒதுக்கினோம், வண்டி சரியாகிவிட்டது என்று நஜஃபாபாத்துக்குச் சொல்லியும் அனுப்பினோம்.

போகும்போது எல்லாம் நன்றாகவே நடந்தது. பெரியப்பா மடியில் இனிப்புப் பெட்டியோடு முன்னால் உட்கார்ந்து, தான் சமாதானம் செய்துவைத்த சண்டைகளின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே வந்தார். சாலையோரத் தோட்டங்களில் மாதுளை வெடித்துக் கிடந்தது. நஸ்தரனின் அம்மா வாசலிலேயே நின்றார். பெயர் அக்ரம்; 'கானும்' என்று சேர்த்து அழைப்போம், அம்மணி என்கிற மாதிரி. கணவர் போன பிறகு அவரும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில்.

"வாங்க, வாங்க, உங்க காலடி எங்க கண்ணுமேல. ஏன் இவ்வளவு செரமப்பட்டீங்க? இனிப்பு எதுக்கு, நீங்களே இனிப்புதானே!"

"உங்க வீட்டு மண்ண மிதிக்கறதே எங்களுக்குக் கொடுப்பினை, கானும்" என்றார் பெரியப்பா. வாசற்படியில் நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று இருவரும் கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். நான் நடுவில் புகுந்து உள்ளே போய்விட்டேன்.

நஸ்தரன் தேநீர்த் தட்டோடு வந்தாள். சர்க்கரை டப்பாவை எடுத்தது போதாது, பருப்பு டப்பாவையும் எடுத்திருக்க வேண்டும், அரிசியிலும் ஒன்றை. கன்னமெல்லாம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தேநீர் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன். பெரியப்பா தொண்டையைச் செருமி, வாழ்க்கை என்பது ஏற்ற இறக்கம் என்று ஆரம்பித்தார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் கம்பளத்தின் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, ஆறு மாதத்தில் முதல்முறையாக, அவனிடம் பேசினாள்.

"வண்டி சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு" என்றான் சியாமக்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று நினைத்திருப்பாள். நானும் நினைத்தேன். அவன் தேநீரைக் குடித்தான்.

"சரி. வரேன்" என்றாள்.

"சலவாத் சொல்லுங்க!" என்று பெரியப்பா கூவினார். நபியை வாழ்த்தி எல்லோரும் சொன்னோம். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாசலுக்கு வந்தோம். நஸ்தரனின் பெட்டிக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சீமைமாதுளை வந்தது. அதன் பின்னால் ஊறுகாய் ஜாடிகள், பாதாம் பை, அதன் பின்னால் ஆஷ் கஞ்சிப் பானையைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு, போர்த்திய சாதரின் ஓரத்தைப் பல்லில் கடித்தபடி அக்ரம் கானும். அவர் காலில் வெளியே போகிற செருப்பு.

"நானும் வந்து விட்டுட்டு வரேன். தனியா அனுப்புனா, பொண்ணு தானாப் போயி நின்னான்னு ஒரு பேச்சு வரும். வேண்டாம்."

நியாயம்தான். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். ஆறு மாதம் டயரையே யோசித்த நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. சரி, அவரும் மெலிந்த உடம்புதான், பின்னால் மூன்று ஒல்லிப் பெண்கள், நான் அத்தனை ஒல்லி இல்லை என்றாலும், ஒருவேளை தாங்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா முன் கதவைத் திறந்து, இடுப்பை வளைத்து, கையை நீட்டினார்.

"கானும், நீங்க முன்னால."

"ஐயையோ, என்ன இது! ஹாஜி, நீங்க இருக்க நான் முன்னால உக்காருவேனா?"

"பொண்ணப் பெத்தவங்க முன்னால, நாங்க பின்னால. என் அப்பன் என்னைய அப்படித்தான் வளத்தாரு."

"பெரியப்பா" என்றான் சியாமக். "நீங்க முன்னாலயே உக்காருங்களேன்."

"சும்மா இருடா. இன்னைக்கு என்னைய டிக்கியில போட்டாலும் சந்தோஷமா வருவேன்!"

நான் குறுக்கே விழுந்தேன். "பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, கானும். பின்னால மடக்க முடியாது."

"எனக்கா? முழங்காலா?" அவர் அந்த இடத்திலேயே இரண்டு முறை உட்கார்ந்து எழுந்து காட்டினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னலில் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். பூனைக்கு மணி கட்டுவது யார்? நஸ்தரன் காருக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் வருகிறேன் என்று சொன்னதே அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான்.

"நான் டாக்சியில வரேன்" என்றேன் கடைசியாக. "எனக்கு இங்க ஒரு சிநேகிதியப் பாக்கணும்."

"என் வாசலுக்கு வந்த சம்பந்தி வீட்டுப் பொண்ணு டாக்சியில போறதா? ஊரு என் மூஞ்சியில துப்பாதா?" என்றார் அக்ரம் கானும். அதற்குள் நஸ்தரன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. "அக்கா, நீங்க என் பக்கத்துல உக்காருங்க." அவளுக்கு அடுத்து நடுவில் ஏறி உட்கார்ந்தேன்.

பெரியப்பா கடைசியாகப் பின்னால் ஏறினார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது. அக்ரம் கானும் பானையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பித் திரும்பி, உங்களுக்கு முதுகைக் காட்டுகிறேன் மன்னியுங்கள் என்றார். பூவுக்கு முன்பக்கம் பின்பக்கம் ஏது என்றார் பெரியப்பா.

சியாமக் நடக்கிற வேகத்தில் ஓட்டினான். தெருவின் வேகத்தடைகளைப் பழையபடி குறுக்காக ஏறினான். ஒன்று, சத்தமில்லை. இன்னொன்று, இல்லை. நஸ்தரன் என் மணிக்கட்டை விடவில்லை. எனக்கு ஒரு பக்கம் அவள் எலும்பு, மறுபக்கம் பெரியப்பாவின் மலை. கடவுளே, நெடுஞ்சாலை வரை விட்டுவிடு, அங்கே மேடு பள்ளம் கிடையாது என்று வேண்டிக்கொண்டேன். விட்டுவிட்டார். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அவள் விரல்கூடத் தளர்ந்தது. "இந்த வருஷம் மாதுளை நல்லா இருக்குக்கா" என்றாள். சியாமக் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

பிறகு சாலை லேசாக இடது பக்கம் வளைந்தது. வளைவில் பாரமெல்லாம் பெரியப்பா பக்கம் சாய்ந்தது. முதலில் ஈரத் துணி.

பெரியப்பா பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தி, "என்ன அது?" என்றார். சியாமக் பாட்டைப் போட்டான், சத்தமாக. வளைவு முடிந்தும் அது நிற்கவில்லை, பாட்டுக்கு அடியில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தது. நஸ்தரன் என் கையை விட்டுவிட்டாள். இரண்டு கையும் வயிற்றுக்குப் போயின. அங்கே ஒன்றும் இல்லை, தட்டையான வயிறு.

"பாட்ட நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினான். எல்லோரும் கேட்டோம்.

"வண்டிய நிறுத்துங்க."

சாலையோரத்தில் நிறுத்தினான். எல்லோரும் இறங்கினோம், அக்ரம் கானும் மட்டும் பானையோடு உள்ளேயே இருந்தார். சியாமக் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, டயரின் உள்பக்கத்தில் விரலை விட்டு வழித்து, கறுப்புத் தூளை அவளிடம் காட்டினான்.

"ஒசரம் சரியாத்தான் இருக்கு நஸ்தரன், சத்தியமா. நீயே பாரு. அச்சுதான். உள்ள ஊசி பேரிங் தேஞ்சு சக்கரம் சாஞ்சிருச்சு. ரெண்டு அச்சு மாத்திட்டேன். நல்லது கெடைக்க மாட்டேங்குது. பந்தரப்பாஸ் துறைமுகத்துல ஒருத்தன் இருக்கானாம், அவன்கிட்ட சொல்லியிருக்கேன், நல்ல அச்சு..."

அவள் நின்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டாள். லாரி ஒன்று கடந்து போக, அவள் பச்சை முக்காடு பறந்து முகத்தை மூடியது. அதை விலக்கிவிட்டுக் கேட்டாள்:

"அவள எந்த எடத்துல வெச்சீங்க?"

சியாமக்குக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"நம்ம பொண்ண. எந்த வரிசையில? ஆறு மாசமா நீங்க சொல்வீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். அச்ச மட்டும்தான் சொன்னீங்க."

அவன் விரலில் இருந்த கறுப்பைக் கால்சட்டையில் துடைத்தான். "ஒரு மரம்" என்றான். "மரம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல."

நஸ்தரன் பெரியப்பாவைப் பார்த்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் வாயைத் திறந்தார், மூடினார், அட்டைப்பெட்டியில் இருந்த சீமைமாதுளையை எண்ணுவதுபோல டிக்கிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே மரம் கிடையாது என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் படித்தேன், அவளும் படித்தாள்.

அவள் சாலையோரமாகவே நடக்க ஆரம்பித்தாள். வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கம், எங்கள் வீடு இருக்கும் பக்கம். அதனால் சியாமக்குக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்க வேண்டும். ஓடிப்போய் வண்டியில் ஏறினான். அதில் இப்போது அவனும் அக்ரம் கானுமும் மட்டும். பெரியப்பா அட்டைப்பெட்டியையும் இறக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "இதுவும் இல்லேன்னா சுத்தமா வராது" என்றார், பாவம், அவருக்கும் தெரிந்த உதவி அதுதான். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். வண்டி அவள் பக்கத்திலேயே ஊர்ந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

"சத்தமில்ல பாரு, நஸ்தரன். கேளு. கேட்டுப் பாரு. சத்தமே இல்ல."

உண்மைதான். சத்தமே இல்லை. அக்ரம் கானும் அவள் பக்கம் திரும்பி, "ஏறிக்கோம்மா, ஊரு பாக்குது" என்றார். அப்புறம் கஞ்சிப் பானையின் முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

கொஞ்ச தூரத்தில் சாலையின் நடுத்திட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது, வண்டிகள் திரும்பிப் போவதற்கு. அதற்கு நேராக வந்ததும் அவள் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று சாலையைக் கடந்து நடுத்திட்டின் சிமெண்ட் மேட்டருகே போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து இன்னொரு பாதியைக் கடந்தால் நஜஃபாபாத் போகும் டாக்சி கிடைக்கும். திரும்பி வந்தால் நாங்கள் இருக்கிறோம்.

சியாமக் வண்டியை நிறுத்தி இறங்கினான். சாலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரு லாரி போயிற்று, காத்திருந்தான். இன்னொன்று போயிற்று. பிறகு சாலை கொஞ்ச நேரம் காலியாகத்தான் இருந்தது. அவன் பின்பக்கம் வந்து, குந்தி உட்கார்ந்து, சக்கரத்தைப் பார்த்தான்.

"போடா, கடந்து போடா" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. பெரியப்பா தோளிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"அன்னைக்கும் இப்படித்தான், ஷஹ்லா" என்றார் என்னிடம், மெல்ல. "நான் உள்ள போயி மண்ணு போட்டுட்டு வந்தேன். இவன் இடுகாட்டு வாசல்ல வண்டியோரமாக் குந்திக்கிட்டு, இதே சக்கரத்தப் பாத்துக்கிட்டு இருந்தான். எங்க வெச்சேன்னு இவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே இப்பக் கேட்டாச் சொல்லத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி சின்னச் சின்ன மேடு."

எங்கள் பக்கச் சாலையில் லாரிகள் மறுபடி வர ஆரம்பித்தன, கல் ஏற்றியவை, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு லாரிகளுக்கு நடுவே பச்சை முக்காடு தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது. அவள் எங்கள் பக்கம் பார்த்து நிற்கிறாளா, அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாளா என்று புழுதியில் என்னால் பார்க்க முடியவில்லை.